இரங்கல் தீர்மானத்துக்கு வந்தவர்

கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலை, மும்பையில் மகாராஷ்டிரச் சட்டமன்றச் செயலகத்தில் என் மேசைக்கு முன் பேச்சியம்மாள் வந்து நின்றார். தாராவித் தோல் பட்டறைத் தொழிலாளர்கள் ஒரே ஒருமுறை தேர்ந்தெடுத்து அனுப்பிய செல்லையாவின் மனைவி. செல்லையா போன மாதம் இறந்துவிட்டார். எங்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. அவருடைய கட்சிக்கும் ஞாபகமில்லை.

மறைந்த உறுப்பினர்களுக்கு முதல் நாளில் இரங்கல் தீர்மானம் படிப்பார்கள். அவை எழுந்து மௌனமாக நிற்கும். மறுநாளைய நிகழ்ச்சி நிரல் அச்சாகியிருந்தது. அதில் செல்லையா இல்லை.

"நாக்பூர்லா பகூ" என்றார் என் மேலதிகாரி. அடுத்த கூட்டத்தொடர் நாக்பூரில். அங்கே பார்ப்போம் என்று பொருள். எங்கள் அலுவலகத்தில் எதையும் மறுப்பதில்லை. நாக்பூருக்கு அனுப்பிவிடுவோம்.

"நாக்பூருக்கு நான் எப்பிடி சார் வருவேன்? முட்டி தேஞ்சு கெடக்கு" என்றார் பேச்சியம்மாள். "மும்பையிலயே மறந்தவுக, அங்க போயா ஞாபகம் வைப்பாக? அவுக பேர அந்தச் சபையில ஒருக்கா கேட்டுட்டா போதும்."

அச்சான நிரலில் கைவைக்க முடியாது. ஆனால் துணை நிரல் வெளியிட அவைத்தலைவருக்கு அதிகாரம் உண்டு. யாரும் கேட்பதில்லை என்பதால், அப்படியொன்று இல்லை என்றே பலர் நினைத்திருந்தார்கள். குறிப்பு எழுதி, இறப்புச் சான்றிதழை இணைத்து, கையெழுத்து வாங்கினேன்.

மறுநாள் பார்வையாளர் மாடத்துக்கு அழைத்துப் போகும்போது வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னேன்.

"உள்ளே பேசப்படாது, கும்பிடப்படாது, அழப்படாதும்மா. சத்தம் கேட்டா மார்ஷல் வெளியே கொண்டு விட்டுடுவார்."

"சிரிக்கலாமா?"

"அதுவும் கூடாது."

"இம்புட்டு வருசம் இங்க எப்பிடி சார் இருந்திய?"

மாடத்தின் கதவைத் திறந்து அவரை முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

பெரிய தலைவர்களுக்கு நீண்ட உரைகள். செல்லையாவுக்கு இரண்டு வரி. அவை எழுந்தது. பேச்சியம்மாளும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முந்தானையை வாயில் திணித்திருந்தார். தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை.

மாடத்தைவிட்டு வந்தபிறகும் அவர் முந்தானையை எடுக்கவில்லை. தாழ்வாரம், லிஃப்ட், காவலர் நிற்கும் வாயில் எல்லாவற்றையும் அப்படியே கடந்தார். தெருவில், என்னோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

"இங்க அழலாமா சார்?"

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை, மாடத்துக்கு வருகிறவர்களிடம் தடைகளை எல்லாம் சொல்லி முடித்ததும் ஒன்று சேர்த்துக்கொண்டேன்: "கதவைத் தாண்டிட்டா இதெல்லாம் கிடையாது." செயலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடுக்க இப்போதும் கூப்பிடுகிறார்கள்; அவர்களுக்கும் அதையே சொல்கிறேன். ஒரு விதியைச் சொல்லும்போது, அது எங்கே முடிகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். எதிரில் நிற்பவர் நம்மை அப்படியே நம்பிவிடக்கூடும்.