‘அசாதாரணம்’ என்று நிரூபிக்க வந்தவர்கள்

மற்ற கடைகளில் வாங்க வருகிறவர் பொருளைப் பற்றி விசாரிப்பார். என் தொழிலில் வாங்க வருகிறவரே தான் எப்பேர்ப்பட்ட பொருள் என்று சொல்லியாக வேண்டும்.

சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் உட்கார்ந்திருக்கும் மைக்ரேஷன் ஏஜென்ட் நான். திருச்சியிலிருந்து படிக்க வந்தவள். என் விசாவுக்காகப் பட்ட பாட்டிலேயே பாதித் தொழில் கற்றுக்கொண்டுவிட்டதால், மீதியையும் படித்து போர்டு மாட்டிவிட்டேன். விசா மெயில் வந்திருக்கிறதா என்று குளியலறையில்கூட போனைத் திறந்து பார்த்தவர்களுக்கு, அதாவது உங்களில் பாதிப் பேருக்கு, என் ஆபீசின் காற்று எப்படி இருக்கும் என்று தெரியும்.

என்னிடம் வருகிறவர்களில் பலர் கேட்பது அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான விசா. அரசாங்கம் அவ்வப்போது அதன் பெயரை மாற்றும். ஆபீசில் நாங்கள் ‘திறமைசாலி விசா’ என்போம். வேலை தரும் கம்பெனி எதுவும் உங்களுக்காகக் கையெழுத்துப் போட வேண்டாம், கிடைத்தால் நேரே பி.ஆர்., அதாவது இங்கேயே நிரந்தரமாக வசிக்கும் உரிமை. பதிலுக்கு, உங்கள் துறையில் உலகம் உங்களை அறிந்திருக்க வேண்டும். அதே துறையில் இந்த நாட்டில் பெயர் பெற்ற ஒருவர், ‘ஆமாம், அறிந்திருக்கிறது’ என்று உங்களை முன்மொழிய வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நம் ஆட்களை எதிரில் உட்கார வைத்துச் செய்து பாருங்கள்.

கூட இருந்தனுங்க

கோயம்புத்தூர் சௌந்தரராஜன் ஒரு விஞ்ஞானி. சாயப்பட்டறைத் தண்ணீரைத் தெளிய வைக்கும் வடிகட்டி ஒன்றைக் கண்டுபிடித்தவர். அது பல நாடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே பல்கலைக்கழகத்தில் அவருடைய ஒப்பந்தம் முடியப்போகிறது; மகள் அடுத்த வருஷம் பன்னிரண்டாவது. விசா இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அப்படிப்பட்ட மனிதரிடம், “என்ன சாதிச்சிருக்கீங்க?” என்று கேட்டால், “பெருசா ஒண்ணுமில்லீங்க, எங்க டீம்ல ஒரு வடிகட்டி செஞ்சோமுங்க” என்கிறார். “டீம்ல நீங்க என்ன செஞ்சீங்க?” என்றேன். “கூட இருந்தனுங்க” என்றார். துருவித் துருவி விசாரித்ததில், அந்த டீமில் அவரும் ஒரு ஃப்ரிட்ஜும்தான் இருந்திருக்கிறார்கள்.

அவருக்காக நான் எழுதிய விண்ணப்பத்தில் ‘நான்’ என்று இருந்ததையெல்லாம் அவர் ‘நாங்கள்’ என்று மாற்றி அனுப்புவார். நான் திரும்ப ‘நான்’ ஆக்குவேன். அவர் மறுபடியும் மாற்றுவார். இப்படியே போனால் விசா அந்த ஃப்ரிட்ஜுக்குத்தான் கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தாரே தவிர இறங்கி வரவில்லை. கடைசியில் அவர் மனைவி கவிதாவை வரச் சொன்னேன். அவர் வந்து உட்கார்ந்து, எந்த வருஷம் எந்தச் சோதனை தோற்றது, எத்தனை தீபாவளிக்கு இவர் ஆய்வகத்திலேயே கிடந்தார், எந்த நாட்டுக்காரர்கள் வந்து கை குலுக்கினார்கள் என்று மளமளவென்று கொட்டினார். அதை வைத்துத்தான் எழுதினேன், விசாவும் வந்தது. கணவர் பக்கத்தில் நெளிந்துகொண்டிருக்க, கவிதா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “வீட்ல எதுக்கெடுத்தாலும் ‘நான்தான், நான்தான்’னு சொல்றவருங்க. இங்க வந்தா மட்டும் டீமாம்!”

வேற ரேஞ்ச்

மெல்பர்ன் பக்கம் பொயிண்ட் குக்கிலிருந்து ஒருவர் வீடியோவில் வந்தார். சௌந்தரராஜனுக்கு நேர் எதிர். நான் வணக்கம் சொல்வதற்குள் தன் திறமையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கம்பெனியில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் சரிசெய்யும் பிரிவில் இருக்கிறார். ‘மாதத்தின் சிறந்த ஊழியர்’ கோப்பை வாங்கியிருக்கிறார். கோப்பையையும் காமிராவில் திருப்பித் திருப்பிக் காட்டினார். பொங்கல் விழாப் பட்டிமன்றத்தில் இவர் அணி தோற்றதே கிடையாதாம். “உலக அளவுல ஏதாவது…” என்று இழுத்தேன். கோலாலம்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாராட்டு வந்திருக்கிறது என்றார். யாரிடமிருந்து என்று கேட்டேன். கோலாலம்பூரில் மாமா பையனாம், லண்டனில் சித்தப்பாவாம்.

நல்ல மனிதர். வேலையில் கெட்டிக்காரராகவும் இருக்கலாம். ஆனால் இந்த விசாவுக்குப் பொருந்தமாட்டார் என்று முடிந்தவரை பதமாக எடுத்துச் சொன்னேன். முகத்தில் வருத்தமே இல்லை. புடவைக் கடையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி சாவகாசமாகக் கேட்டார்: “சரி மேடம், அசாதாரணத்துக்குக் கொஞ்சம் கீழ, அதே மாதிரி வேற ரேஞ்ச்ல ஏதாவது இருக்கா?”

கரையான் சண்டை

ஷாலினி ஈப்போவில் பிறந்து சிட்னியில் முனைவர் பட்டம் முடித்த மலேசியத் தமிழ்ப் பெண். சுவரில் ஒரு கருவியை ஒட்டவைத்து, உள்ளே கரையான் மரத்தைத் தின்னும் சத்தத்தைக் கேட்டு, எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மரச் சட்டத்தில் வீடு கட்டும் இந்த ஊரில் வீடு வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். எல்லாம் சரியாக இருந்தது, முன்மொழிய ஆள் கிடைக்காததைத் தவிர. கரையான் சத்தத்தில் இந்த நாட்டில் பெயர் பெற்றவர் மெல்பர்னில் இருக்கும் ஒரு வயதான பேராசிரியர் மட்டும்தான். அவரோ, ‘அது தின்னும் சத்தமே இல்லை, தலையைச் சுவரில் முட்டும் சத்தம்’ என்று ஷாலினியின் ஆய்வைக் கிழித்துக் கட்டுரை எழுதியவர். பதிலுக்கு அவள் எழுத, அதற்கு அவர் எழுத, இரண்டு பேரும் மாநாடுகளில் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

“அவர்கிட்ட போய்க் கேக்கறதுக்கு நான் ஈப்போவுக்கே போயிடுவேன் லா, அக்கா” என்றாள். கண் கலங்கியிருந்தது. அவளுடைய அப்போதைய விசாவோ முடியும் தறுவாயில். நானே அவளை வற்புறுத்தி, என் மேசையிலிருந்தே அந்தப் பேராசிரியருக்கு ஸ்பீக்கரில் போன் போட வைத்தேன். அவள் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். அவ்வளவுதான், காரியம் கெட்டது என்று நினைத்தேன். அவரோ, தாராளமாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அவளால் நம்ப முடியவில்லை. “ஆனால் நான் சொல்வது தவறு என்றுதானே நீங்கள் எழுதுகிறீர்கள்?” என்று கேட்டாள். அவர் சொன்னார்: “நீ சொல்வது தவறு என்று நிரூபிக்கப் பல வருஷமாக முயல்கிறேன், முடியவில்லை. சாதாரண ஆளென்றால் ஒரு மத்தியானம் போதும்.”

எதிரில் ஆளில்லை

வடசென்னைப் பையன் வினோத். கேட்டரிங் படிக்க வந்தவன். ஆனால் அவன் உண்மையான திறமை கேரம். பல நாட்டுக்காரர்களோடு மோதிப் பதக்கம் வாங்கியவன். என் ஆபீசில் முன் மேசையில் இருக்கும் ரஜனி அன்ரி யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் நன்றாகக் கேரம் ஆடியவராம். “உண்மையோ பொய்யோ எண்டு பார்ப்பம்” என்று கிரவீனில் இருக்கும் தன் வீட்டிலிருந்து போர்டையே கொண்டுவந்துவிட்டார். பவுடர் போட்டு, காய் அடுக்கி, “முதல்ல நீர் அடியும் தம்பி” என்றார். வினோத் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். கடைசிக் காயும் குழியில் விழும் வரை அன்ரிக்கு ஸ்ட்ரைக்கரைத் தொட வாய்ப்பே வரவில்லை. விசா விஷயமாக வந்திருந்த இரண்டு பேர் தங்கள் கவலையை மறந்து கை தட்டினார்கள்.

ஆனால் அவனை முன்மொழிய, கேரமில் நாடறிந்த ஆஸ்திரேலியர் வேண்டுமே! தேடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சமூகக் கூடத்தில் கூடி ஆடும் குழு ஒன்று கிடைத்தது. அதன் தலைவர் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். பாவம், அவரை அந்தக் கூடத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. விண்ணப்பித்தால் நிராகரிப்பார்கள், அது பிற்பாடு எங்கே போனாலும் கேள்வியாக வரும், வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனான். இப்போது துபாயில் ஒரு கிளப்பில் பயிற்சி கொடுக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் விடைபெற வந்த அன்று என் வாசலில் நின்று அவன் கேட்டான்: “போர்டுல தோத்தா ஒத்துக்கலாம்க்கா. எதிர்ல உக்கார ஆளே இல்லாம தோத்தா எப்படிக்கா?”

உள்ளூர்க் கடல்

விசா கிடைத்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக அகிலனின் கதை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, நோர்வேயில் வளர்ந்தவர். கடலடியில் போகும் குழாய்களில் விரிசல் தேடும் ரோபோக்களைச் செய்கிறவர். திறமைசாலி விசா சிக்கலே இல்லாமல் கிடைத்தது. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினார். அதன்பின் வேலைதான் கிடைக்கவில்லை. இந்த விசா உங்களை எந்தக் கம்பெனியிடமும் கட்டிப்போடாது. அதாவது, உங்களுக்காக எந்தக் கம்பெனியும் காத்துக்கொண்டிருக்காது. ஓர் இடத்தில் ‘உங்கள் தகுதி எங்களுக்கு அதிகம்’ என்றார்கள். இன்னோர் இடத்தில், ‘நீங்கள் வேலை செய்ததெல்லாம் வடகடலில், ஆஸ்திரேலியக் கடலில் அனுபவம் உண்டா?’ என்றார்கள். ரஜனி அன்ரி கொதித்துப்போய், “ஏன், இஞ்சத்தைக் கடல்ல உப்பில்லையோ?” என்று கேட்டார்.

மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குப் போக, அகிலன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்து, சமைத்து, துணி மடித்துக்கொண்டிருந்தார். நோர்வேக்கே திரும்பலாமா என்று வீட்டில் பேச்சும் நடந்தது. பள்ளிக்கூட வாசலில் தினமும் பார்த்துப் பழகிய இன்னொரு பிள்ளையின் தகப்பன், பேச்சுவாக்கில் இவர் தொழிலைக் கேட்டுவிட்டுத் தன் கம்பெனியில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த வாரமே வேலை. கேக் பெட்டியோடு ஆபீசுக்கு வந்தார். “அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். அகிலன் சொன்னார்: “அரசாங்கம் என்னை உலகத்திலேயே அபூர்வமான ஆள் எண்டுது. கொம்பனியள் அனுபவம் இல்லாத ஆள் எண்டுதுகள். என்ர மனுசி மட்டும்தான் அக்கா சரியாச் சொன்னவ, ‘பருப்புக்கு உப்புக் காணாது’ எண்டு.”

ப்ளீஸ்

மலர்விழி மதுரைக்காரி. மெல்பர்னில் வேலை. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் நுழையாமல் காப்பதில் கில்லாடி. வெளிநாட்டு மாநாடுகளில் எல்லாம் பேசக் கூப்பிடுகிறார்கள். ஆனால் அவள் இருந்தது கம்பெனி தயவில் கிடைத்த விசாவில். வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். அந்தக் கயிற்றின் நுனி தன் கையில் இருப்பது அவள் மேனேஜருக்கு நன்றாகவே தெரியும். தங்கையின் கல்யாணத்துக்கு லீவு கேட்டபோது, “உன் விசா நிலைமையை யோசித்துக் கேட்கிறாயா?” என்றிருக்கிறார். கல்யாணத்தை அவள் போனில்தான் பார்த்தாள். தாலி கட்டும் நேரத்தில் மீட்டிங் என்பதால் அதுவும் பாதிதான்.

அடுத்த வாரமே என்னைத் தேடி வந்துவிட்டாள். சேர்த்துத் தர வேண்டியதையெல்லாம் சேர்த்து, முன்மொழிய ஆள் பிடித்து, விண்ணப்பம் போட்டோம். திறமைசாலி விசா வந்த அன்று போனில் அழுதாள், சிரித்தாள், பிறகு கோபமாகிவிட்டாள். நாளைக்கே மேனேஜரிடம் போய் நாலு கேள்வி கேட்டு, ராஜினாமாவை மூஞ்சியில் எறிந்துவிட்டு வரப்போவதாகச் சொன்னாள். அவசரப்படாதே என்றேன். நாளெல்லாம் எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் சாயங்காலம் நானே கூப்பிட்டு, எறிந்தாயா என்று கேட்டேன். தங்கைக்கு முதல் குழந்தை பிறக்கப்போகிறதாம். மலர்விழி சொன்னாள்: “எறியலக்கா. ஒரு மாசம் ஊருக்குப் போறேன், லீவு வேணும்னேன். ‘ப்ளீஸ்’ போடாம கேட்டேன்க்கா. அவ்ளோ நல்லா இருந்துச்சு.”

இந்த விசாவில் லாபமா நஷ்டமா என்று என்னைக் கேட்டால், இனி எந்த மேனேஜரும் உங்களை மிரட்ட முடியாது என்பது லாபம், ‘அசாதாரணம்’ என்று அரசாங்கமே சொன்ன பிறகும் அதை வீட்டில் யாரும் நம்பப்போவதில்லை என்பது நஷ்டம்.