அளவு கொடுக்க வந்தவள்

இது நடந்தது. யாரோ சொல்லக் கேட்டு யாரோ சொன்னது இல்லை. என் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. பொய் சொன்னால் அவளுக்குக் காது மடல் சிவந்துவிடும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அது தெரியும். இதை அவள் என்னிடம் சொன்ன அன்று காது சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்துக் கிடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அப்போது அக்காவுக்கு முப்பது தாண்டியிருந்தது. வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்ப்பவர். வருஷத்தில் பாதி நாள் கடலில். வீட்டில் மாமியாரும், ஏழு வயது மகளும். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அக்கா தையல் வகுப்புக்குப் போவாள். ஏற்கெனவே ஒருமுறை செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டிருந்தாள். சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டாள். தேர்வாளரே சிரித்துவிட்டாராம். மாமியார் சிரிக்கவில்லை. இந்தத் தடவையும் ஊற்றிக்கொண்டால் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு வீட்டைப் பார் என்று சொல்லிவிட்டார்.

வகுப்பு ஒரு கட்டடத்தின் மாடியில் நடந்தது. கீழே இருந்த போட்டோ ஸ்டூடியோ எப்போதோ மூடியாயிற்று. ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. அடியில் ஒரு கம்பிக் கதவு. மேலே ஆறு மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேஜை, மூலையில் ஒரு பொம்மை. தைத்த துணியை மாட்டிப் பார்க்கிற பொம்மை. கழுத்தோடு சரி, தலை கிடையாது. அதற்கு "மாமியார்" என்று பெயர் வைத்ததே அக்காதான். வாய் இல்லாத மாமியார் உலகத்தில் இது ஒன்றுதான் என்பாள். கூடப் படித்த சின்னப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

தேர்வு வியாழக்கிழமை. வெளியாள் ஒருவரை அளந்து, பேப்பரில் வரைந்து வெட்டி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரு கவுன் தைத்துக் கொண்டுபோக வேண்டும். அதுபோக, அங்கேயே உட்காரவைத்து ஒன்று வெட்டவும் சொல்வார்கள். கூடப் படிப்பவர்களை அளக்கக் கூடாது. அளவு கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்த பக்கத்து வீட்டுக்காரி கடைசி நேரத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை வரை அக்காவுக்கு ஆள் கிடைக்கவில்லை.

அன்று மதியம். டீச்சரும் பெண்களும் சாப்பிடப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் பிரவுன் பேப்பரை விரித்து, கை வளைவைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தாள். வெளியே நல்ல வெயில். தெருவில் வண்டிகள் போய்வந்துகொண்டிருந்தன.

நிமிர்ந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

படி ஏறிய சத்தமே கேட்கவில்லை.

ஒல்லியான உடம்பு. அக்கா வயதுதான் இருக்கும். தலைமுடி ஈரமாகத் தோளில் ஒட்டிக்கிடந்தது. குளித்த கையோடு வருகிறாள் போல என்று அக்கா நினைத்தாள்.

"அளவுக்கு ஆள் வேணுமாமே" என்றாள் அவள்.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யார் சொன்னார்கள் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. அவளை ஜன்னல் பக்கம் நிறுத்திவிட்டு டேப்பை எடுத்தாள்.

முதலில் தோள். விரல் பட்ட இடம் சில்லென்று இருந்தது. வெளியே அடிக்கிற வெயிலுக்கு அது பொருந்தவே இல்லை.

அடுத்து மார்பு. யாரை அளந்தாலும் மூச்சுக்குத் தக்கபடி டேப் இறுகும், தளரும். அளக்கிறவர் விரலுக்கு அது தெரியும். அக்கா விரலை உள்ளே விட்டுக் காத்திருந்தாள்.

டேப் அசையவில்லை.

"சும்மா மூச்சு விடுங்க. பிடிச்சு வைக்க வேண்டாம்."

"பிடிக்கலையே" என்றாள் அவள்.

அக்கா அளவைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு. கண்ணால் பார்த்தால் முப்பத்திரண்டுக்கு மேல் சொல்ல முடியாத உடம்பு அது. மறுபடி சுற்றினாள். அதே நாற்பத்திரண்டு. டேப் கோளாறோ என்று தன்னையே அளந்து பார்த்தாள். சரியாகத்தான் காட்டியது. மணிக்கட்டு குச்சிபோல இருந்தது. டேப்பில் ஒன்பது அங்குலம் வந்தது. கழுத்தும் அப்படித்தான்.

அளந்தது வந்தபடி வரட்டும் என்று எழுதிக்கொண்டாள். எப்படித் தைக்க வேண்டும் என்று கேட்டாள். அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள். கழுத்தை மூடி வர வேண்டும். கை மணிக்கட்டுவரை வர வேண்டும். முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை திறப்பு வேண்டும்.

"முழுசாவா? நீங்களா போட்டுக்க முடியாதேங்க."

"போட்டு விடறவங்களுக்குச் சுலபமா இருக்கணும்."

அக்காவுக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. நோயாளியோ என்னவோ என்று நினைத்துக்கொண்டாள். அளவோடு எத்தனை அங்குலம் லூஸ் சேர்க்கட்டும் என்று கேட்டாள். லூஸ் விடாத துணியில் குனிய முடியாது, கையைத் தூக்க முடியாது.

"லூஸ் வேண்டாம்."

"வேண்டாமா? உட்காரவே முடியாதுங்க."

"உட்காரப் போறதில்ல."

போட்டுப் பார்க்க எப்போது வருவாள் என்று கேட்டதற்கு, "என்னால வர முடியாது. எங்க அக்கா வந்து வாங்கிப்பா" என்றாள். அக்கா குனிந்து எழுதினாள். நிமிர்ந்தாள்.

யாரும் இல்லை.

கீழே சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. கம்பிக் கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. டீச்சர் மூச்சு வாங்க மேலே வந்து, நீ இங்கே இருப்பதை மறந்து பூட்டிக்கொண்டு போய்விட்டேன், கோபித்துக்கொள்ளாதே என்றார். இப்போது ஒரு பெண் இறங்கிப் போனாளே, பார்க்கவில்லையா என்று அக்கா கேட்டாள்.

"பூட்டின கதவுல யார் வருவா?" என்றார் டீச்சர்.

அந்தப் பெண் நின்ற இடத்தில் தரை ஈரமாக இருந்தது.

டீச்சருக்கு ஞாபக மறதி ஜாஸ்தி. இப்போதுதான் பூட்டியிருப்பார், பூட்டிய கையோடு திறந்திருப்பார். அக்கா தனக்குத்தானே இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். தேர்வுக்கு ஆள் கிடைத்ததே பெரிது. அளவுகளைப் பார்த்த டீச்சர்தான் முகம் சுளித்தார். பருத்தவர்கள் என்றால் ஒரு இடத்தில் பருத்திருப்பார்கள், ஒரு இடத்தில் வாகாக இருப்பார்கள். இதில் எல்லா இடமும் ஒரே மாதிரி ஊதியிருக்கிறது, மனுஷ உடம்பு இப்படி இருக்காதே என்றார்.

அக்கா அப்படியே வரைந்தாள். அப்படியே வெட்டினாள். வெள்ளைத் துணி. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று தைத்து முடித்து, பொம்மைக்கு மாட்டினாள். பொம்மை ஒல்லி. கவுன் அதன்மேல் கொடியில் காயப்போட்ட துணிபோலத் தொளதொளவென்று தொங்கியது.

புதன்கிழமை சாயங்காலம். கீழ் ஓரத்தை மடித்துத் தைப்பது மட்டும்தான் பாக்கி. பெண்கள் போய்விட்டார்கள். பூட்டிக்கொண்டு வா என்று டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வெளிச்சம் இன்னும் இருந்தது. தெருவில் பஸ் ஹாரன் கேட்டது. அக்கா பொம்மைக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, ஓரத்தை மடித்து மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டே வந்தாள்.

டொப்...

அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தாள். குழாய் அந்த அறையில் கிடையாது.

டொப்... டொப்...

சத்தம் கவுனுக்குள்ளிருந்து வந்தது.

தரையைத் தொட்டாள். ஈரம். துணியைத் தொட்டாள். காய்ந்துதான் இருந்தது.

அப்போதுதான் கவனித்தாள். துணியில் தொளதொளப்பு இல்லை. இடுப்பில் இறுகியிருந்தது. முதுகுத் திறப்பு இரண்டு பக்கமும் விண்ணென்று இழுபட்டு நின்றது. சற்றுமுன் வெறுமனே தொங்கிய கவுன் கை... இப்போது நிறைந்திருந்தது.

பொம்மைக்குக் கை கிடையாது.

எழுந்திருக்க நினைத்தாள். அதற்குள் கையிலிருந்த குண்டூசி, பழக்க தோஷத்தில், துணியில் இறங்கியது.

பொம்மைக்குள் கெட்டிப் பஞ்சு. ஊசி முட்டி நிற்கும்.

இது முட்டவில்லை.

போய்க்கொண்டே இருந்தது... மெத்தென்று... கொண்டைவரை.

அக்கா ஊசியை உருவினாள். நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

மேலே பார்க்கவில்லை. பார்க்காமலே பின்னால் நகர்ந்தாள். செருப்பு மாட்டவில்லை. கதவைப் பூட்டவில்லை. தெருவுக்கு வந்து விழுந்த பிறகுதான் மூச்சே வந்தது.

மறுநாள் காலை இரண்டு பெண்களைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கவுன் பழையபடி தொளதொளவென்று தொங்கியது. துணியில் ஈரமோ கறையோ எதுவும் இல்லை. தூக்கம் கெட்டுத் தைத்ததில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாள். அப்படி நினைக்காவிட்டால் தேர்வு எழுத முடியாது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, கவுனை எடுத்துக்கொண்டு தேர்வுக்குப் போனாள். பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை தேர்வாளரின் கண் முன்னாலேயே ஒரு சட்டை வெட்டினாள். இந்தத் தடவை வலது கை வலது கையாகவே வந்தது. முடித்த களைப்பில் நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லோருடைய துணியையும் டீச்சர்தான் வகுப்புக்குத் திரும்பக் கொண்டுபோனார்.

அடுத்த நாள் டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். நேற்று சாயங்காலம் ஒரு அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்களாம். தைச்சவங்களே சொன்னாங்க, ஒரு வெள்ளைக் கவுன் தயாரா இருக்காமே என்று கேட்டார்களாம். அந்த அம்மா அழுத அழுகையில் எதுவும் விசாரிக்கத் தோன்றாமல் எடுத்துக் கொடுத்துவிட்டாராம். அக்காவுக்கு மனசு லேசானது. அந்தப் பெண் சொன்னபடி அவள் அக்கா வந்து வாங்கிப் போயிருக்கிறாள். அப்படியானால் அவள் நிஜமான ஆள்தான்.

அந்த நிம்மதி ஒரு வாரம் இருந்தது.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். தன் தங்கையின் போட்டோவை அக்காவிடம் காட்டினார். அதே ஒல்லி உடம்பு, அதே முகம். எங்கே இருக்கிறார் என்று கேட்டாள் அக்கா.

அந்த அம்மா அழாமல் சொல்லப் பார்த்தார். முடியவில்லை. தங்கை தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வீட்டைவிட்டுப் போனவள் திரும்பவில்லையாம். கல்குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் அவள் உடம்பு மிதந்ததை வியாழக்கிழமை விடியற்காலையில்தான் பார்த்தார்களாம். விழுந்தது அந்த வெள்ளிக்கிழமையேதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

அக்கா அளவெடுத்தது அதற்கு மறுநாள், சனிக்கிழமை.

"அவ துணி ஒண்ணுகூட ஏறலம்மா. உடம்பு அப்படி ஊதிப் போச்சு. நீங்க தைச்சதுதான்... அளந்து தைச்ச மாதிரி சேர்ந்துச்சு" என்றார் அந்த அம்மா. அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரி வாசல்ல நீங்க வந்து சொல்லலைன்னா, அவளை மூட்டையா கட்டித்தான் அனுப்பியிருப்போம்."

"நான் வரலைங்களே."

"நீங்கதாம்மா. பத்தரை மணி இருக்கும். பாப்பாவைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தீங்களே. பள்ளிக்கூட யூனிஃபார்ம்ல இருந்தாளே."

பத்தரை மணிக்கு அக்கா தேர்வு அறையில் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தாள். தேர்வாளரே சாட்சி.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அக்கா அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள். அம்மாவுக்குப் பரீட்சை நடந்த அன்று பள்ளிக்கூடத்திலிருந்து எங்கேயாவது போனாயா என்று.

"நீதானே வந்து கூட்டிட்டுப் போன" என்றது குழந்தை. "ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்புறம் கொண்டுவந்து விட்டுட்ட."

"நான் உங்கிட்ட என்ன பேசினேன்?"

"ஒண்ணும் பேசல. மரத்தடியில நிக்க வச்சு அளந்த."

"என்ன?"

"டேப்பால அளந்தம்மா. தலையிலேருந்து கால் வரைக்கும்." குழந்தை பென்சிலை எடுத்துக்கொண்டு படத்துக்குத் திரும்பியது. "எதுக்கு அளக்கறேன்னு கேட்டேன். இப்ப இல்ல, அப்புறம்னு சொன்ன."