பதினேழு படகில் ஒரே பெண்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மெட்ராஸில் ஒரு சின்ன கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டில் மீனவர்களுக்காக வேலை செய்த ஓர் அமைப்பு எங்களிடம் வந்தது. புயல் வந்தால் யார் யார் தண்ணீரில் இருக்கிறார்கள் என்று உடனே தெரிய வேண்டும், அதற்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

நான் ஒரு தடவைகூட அந்த ஊருக்குப் போகாமல், ஏ.சி. அறையில் உட்கார்ந்தே இரண்டு மாதத்தில் எழுதி முடித்தேன். மொத்தம் பதினான்கு கேள்விகள். படகுக்காரர் பெயர், உறுப்பினர் எண், உடன் போகும் ஆட்களின் உறுப்பினர் எண், கிளம்பிய நேரம் என்று போகும். எண்ணைக் கொடுத்தால் ஆளின் பெயர் தானாக வந்துவிடும். எதையும் காலியாக விட முடியாது. விட்டால் 'பீப்' என்று கத்திவிட்டு முதல் கேள்விக்கே திரும்பிப் போய்விடும். யாரும் அரைகுறையாக வேலை பார்க்கக் கூடாது என்று நானே யோசித்துச் செய்த ஏற்பாடு. அதில் எனக்குத் தனிப் பெருமை வேறு.

அமைப்பின் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர் பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பத்துப் பெண். ஏறக்குறைய என் வயது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்து, மூன்று நாள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாரே தவிர ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாவம், பயப்படுகிறார் போலிருக்கிறது, போகப் போகப் பழகிக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் ஏறினேன்.

ஒன்றரை மாதம் கழித்து, எல்லாம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க மறுபடி போனேன். ஐப்பசி மழைக்காலம். நான் போன மறுநாள் காலை ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். ஆனால் படகுகள் விடிவதற்கு முன்பே கிளம்பியிருந்தன. ஒன்பது மணிக்குள் காற்று பலமாகிவிட்டது. பாதிப் படகுகள் திரும்பிவிட்டன, மீதி வரவில்லை.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பெண்கள் நனைந்தபடி ஆபீஸுக்கு வந்தார்கள். முன்னால் நின்ற பெண் என்னைப் பார்த்து, "எங்க வூட்டுக்காரரு இன்னா ஆனாருனு அந்தப் பொட்டில பாரும்மா" என்றார்.

இதற்குத்தானே எழுதினோம் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உறுப்பினர் எண் கேட்டேன். அவர் கணவருக்குச் சொந்தப் படகு கிடையாது, கூலிக்குப் போகிறவர், அதனால் எண்ணும் கிடையாது. யார் படகில் போனார் என்று கேட்டேன். அந்தம்மாவுக்குத் தெரியவில்லை. சரி, இன்று போன எல்லாப் படகுகளையும் பார்ப்போம் என்று பட்டியலை வரவழைத்தேன்.

முதல் படகில் ஆட்கள் என்ற இடத்தில் கிளார்க்கின் பெயர் இருந்தது. அடுத்த படகிலும் அவர் பெயர். அதற்கடுத்ததிலும் அதேதான். எண்ணிப் பார்த்தேன். என் புரோகிராம் கணக்கின்படி அந்தப் பெண் அன்று காலை பதினேழு படகுகளில் கடலுக்குப் போயிருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "கூலி ஆளுங்களுக்கு நம்பர் இல்ல மேடம். காலியா வுட்டா கத்துது. அதான் ஆபீஸ்ல எனக்குக் குடுத்த நம்பரையே போட்டேன்" என்றார் மெல்ல.

அதற்குள் அழுகைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. கிளார்க் இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, முன்னால் நின்ற பெண்ணிடம் போனார். எண்ணையோ நேரத்தையோ அவர் கேட்கவில்லை. "இன்னா வலை எடுத்தாந்து வச்சாரு ராத்திரி?" என்றுதான் கேட்டார்.

"எறா வலை."

"அப்ப ஏரிக்குத்தான் போயிருக்காரு, கடலுக்கு இல்ல. அழாத." நோட்டில் ஏரிக்குப் போன படகுகளில் அவர் பெயரைத் தேடி விரலை ஓட்டினார். "பச்சைப் படகு. ஆறு பேரு. வடக்கால போயிருக்காங்க."

அப்புறம்தான் தெரிந்தது. கரையில் இட்லி விற்கும் பெண்கள்தான் ஒவ்வொரு ஆளுக்கும் பொட்டலம் கட்டிக் கொடுப்பவர்கள். யார் யாரோடு எந்தப் படகில் போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தினமும் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே கிளார்க் அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். படகு நிறம், ஆட்கள், வலை, போன திசை. ஒரு படகுக்கு ஒரு வரி, அவ்வளவுதான்.

கரை சேர்ந்த படகுகளை விசாரித்து நோட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து, அரைமணி நேரத்தில் இன்னும் திரும்பாதவை இரண்டே படகுகள் என்று சொல்லிவிட்டார். ஒன்று கடலில், இன்னொன்று ஏரியில். "காத்து கிழக்கால இருந்து அடிக்கிது. ஏரிப் படகை மேற்குக் கரைக்கு, ஆரம்பாக்கம் பக்கம்தான் தள்ளும்" என்றவர், குடையை எடுத்துக்கொண்டு தபாலாபீஸுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். டிரங்க் கால் போட்டு, ஆரம்பாக்கத்தில் ஐஸ் கடை வைத்திருந்த ஒருவரைப் பிடித்து, கரையோரம் ஆள் அனுப்பச் சொன்னார்.

கடல் படகு மதியம் முகத்துவாரத்துக்குள் வந்து சேர்ந்தது. வலை போய்விட்டது, ஆட்கள் பத்திரம். மூன்று மணிக்கு ஆரம்பாக்கத்திலிருந்து போன் வந்தது. பச்சைப் படகு சேற்றில் மாட்டியிருந்ததாம். ஆறு பேரையும் இழுத்து வந்துவிட்டார்களாம். கேட்டதும் அந்த அம்மா தபாலாபீஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கிளார்க் பக்கத்தில் உட்கார்ந்து, தன் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினார்.

திரும்பி வரும்போது நான் அவரிடம், "கஷ்டமா இருக்குன்னு எனக்கு ஒரு லெட்டர் போட்டிருக்கலாமே" என்றேன்.

"படிச்சவங்க எழுதினது, சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் புரியலனு நெனச்சேன் மேடம்" என்றார். கோபமோ கிண்டலோ அந்தக் குரலில் இல்லை.

கம்பெனிக்குத் தந்தி கொடுத்துவிட்டு இன்னும் பத்து நாள் தங்கினேன். காலையில் அவரோடு கரைக்குப் போய்ச் சும்மா நின்று பார்த்தேன். முதலில் திரையைக் காகிதத்தில் வரைந்து அவரிடம் கொடுத்தேன். அவர் பென்சிலால் நிரப்பும்போது வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கை எந்தக் கேள்வியில் தயங்கியதோ அந்தக் கேள்வியை அடித்துவிட்டேன். பதினான்கு கேள்விகள் நான்காயின. தெரியாததைக் காலியாக விடலாம் என்று ஆனது. ஆள் பெயரைக் கொடுத்தால் படகு வரும்படி மாற்றியதும், அவர் முதல்முறையாகத் தானே கேட்டார்: "வலையை வச்சும் தேடுற மாதிரி பண்ண முடியுமா மேடம்?" அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷம் எந்தச் சம்பள உயர்விலும் கிடைத்ததில்லை.

இந்த மாதிரி வேலை செய்யும் முறைக்குப் பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றன என்று பிற்பாடு புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்துவிட்டேன். நான் எழுதியதை வைத்துக்கொண்டு யாராவது தடுமாறினால், குறை அவரிடம் இருக்கும் என்று அந்த மழை நாளுக்குப் பிறகு எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.