அண்ணன் காலில் இருந்த கறுப்பு

என் அண்ணன் சாயப்பட்டறை வைத்திருந்தார். கைத்தறி நூலைச் சாயத்தில் தோய்த்துக் காயப்போடுகிற வேலை. எங்கள் சௌராஷ்டிரக் குடும்பத்தில் ஆண்களின் கால் என்ன நிறம் என்று பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. நாள் முழுக்கச் சாயத் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவர்கள். ஒருநாள் பச்சை, மறுநாள் அரக்கு.

அதனால், இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயத்தில் அவருடைய உள்ளங்காலில் கறுப்பாக ஒன்று படர்ந்தபோது எல்லோரும் சாயம் என்றே நினைத்தோம். அண்ணி பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "கறுப்புச் சாயம் லேசுல போகுமா? விடு" என்றார் அண்ணன்.

பிறகு அந்த இடம் வெடித்துப் புண்ணானது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. காலில் புண் வந்தால் நெறி கட்டும் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தோம். எல்லாம் தெரிந்த எங்கள் மேதாவித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நெறி கல்லாக இறுகிய பின்தான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். தோல் புற்றுநோய். நெறியிலும் அதுவே இருந்தது.

"காலுல இருந்தது எப்படி டாக்டர் அங்க போச்சு?" என்று கேட்டேன்.

"நோயை எதிர்க்கிற அணுக்கள் மேல ஏற்பின்னு, மோப்பம் பிடிக்கிற மூக்கு மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அதை வச்சுத்தான் நெறிக்கு வழி கண்டுபிடிச்சுப் போகும். சில புற்று அணுவும் அதே ஏற்பியோட கிளம்பிருது. அது இருக்கான்னு பார்த்து, பரவுமான்னு முன்னாடியே சொல்ல முடியுமான்னு வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்றாங்க."

"இவருக்கும் பார்க்கலாமா?"

"இனிமே பார்த்து என்னம்மா? அதான் பரவிருச்சே."

வெளியே வந்ததும் அண்ணன் சிரித்தார். "அதுக்கே வழி தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் பாலத்தைத் தாண்டி இம்புட்டுத் தூரம் வரத் தெரியலை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை ஓங்கி அடிக்கலாம் போல இருந்தது. அழுதேன்.

புண்ணையும் நெறியையும் அறுத்தெடுத்த பிறகு அவர் பட்டறைப் பக்கமே போகவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில் காலிலிருந்து சாயமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. ஒருநாள் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரேன், உங்க அண்ணன் காலு எம்புட்டுச் செவப்பு!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவரும் பார்க்கிறார். முன்பே கொஞ்ச நாள் பட்டறையைப் பூட்டிப்போட்டிருந்தால், அந்தச் சிவப்பில் கறுப்பு மட்டும் தனியாகத் தெரிந்திருக்கும்.