அக்காவின் கண்ணாடி இழை

இதை அழுதுகொண்டேதான் எழுதுவேன் என்று நினைத்திருந்தேன். இப்போது சந்தோஷமாக எழுதுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் அக்கா பிறந்தது கோட்டூர்புரம் ஆற்றங்கரைக் குடிசையில். குடிசைகளை இடித்து அரசு எங்களை ஊர்க்கோடிக்கு மாற்றியபோது அவர் பத்தாம் வகுப்பு. அதன் பிறகும் இரண்டு பஸ் மாறி அடையாறு பள்ளிக்கே வந்து படித்தார். அப்படி ஒரு பிடிவாதம்.

அவர் கல்லூரி முடித்த ஆண்டு அம்மாவின் இடது கால் வீங்கியது. சுளுக்கு என்று நினைத்து நானும் அக்காவும் மாறி மாறித் தைலம் போட்டு உருவிவிட்டோம். உள்ளே இருந்தது ரத்தக்கட்டி. அது நுரையீரலை அடைத்து அம்மா போய்விட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே குறி, ரத்தக்கட்டியை முன்கூட்டியே காட்டும் கருவி.

தலைமுடி அளவு கண்ணாடி இழை, அதன்மேல் ஒரு பூச்சு. கட்டி உருவானால் ரத்தத்தில் கலக்கும் புரதம் அந்தப் பூச்சில் ஒட்டும். உடனே இழைக்குள் ஓடும் ஒளி மாறி, கணினியில் கோடு ஏற வேண்டும். மூன்று வருடம் ஏறவேயில்லை.

நான் மேற்கு மாம்பலத்தில், இதே கண்ணாடி இழை ஓடும் இன்டர்நெட் கேபிளுக்கு ஜாயின்ட் போடுகிறவன். ஒருநாள் அக்கா ஆராய்ச்சி செய்த ஆய்வகத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கைக்குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல அக்காவும் தோழிகளும் இழையைத் துடைப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

“இன்னாடா சிரிக்கிற?” என்றார் அக்கா.

“இப்டி தொடச்சா பிசுக்கு அப்டியே கீதுக்கா. ஸ்பிரிட் போட்டுத் தொடச்சா கீச்சுனு சத்தம் வரணும். அப்பதான் கிளீனு.”

இத்தனை நாளும் பூச்சு பிசுக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. அக்கா படித்த திமிர் எதுவும் காட்டவில்லை. ‘கீச் வரும்வரை துடைக்கவும்’ என்று நோட்டில் எழுதிக்கொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பாதியில் அவருக்குப் புற்றுநோய் வந்துவிட்டது. மருத்துவமனையில் கடைசி வாரம்கூட என்னிடம் கேட்டார்: “கோடு ஏறிச்சாடா?”

“ஏறிக்கினே கீதுக்கா” என்று பொய் சொன்னேன். ஒரு வருடமாக அது உறுத்திக்கொண்டிருந்தது.

சென்ற வாரம், அக்கா விட்ட வேலையைத் தொடர்ந்த ஆய்வகத் தோழிகள் என்னைக் கூப்பிட்டார்கள். காலில் ரத்தக்கட்டி இருந்த ஒருவர் தந்த ரத்தத்தில் ஒரே ஒரு துளியை இழையில் விட்டார்கள். கோடு ஏறியது, சரசரவென்று ஏறியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். என் பொய்யை அக்கா உண்மையாக்கிவிட்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், ஆராய்ச்சிக்கு ரத்தம் தந்தவர்கள், இந்த முதலாண்டு நினைவுநாளுக்கு வந்திருக்கும் நீங்கள் என எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கருவி மருத்துவமனைகளுக்கு வர இன்னும் நாளாகும். அதுவரை, வீட்டில் யாருக்காவது ஒரு கால் மட்டும் வீங்கினால் தைலத்தைத் தொடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடுங்கள்.