இலைக்கும் கழிப்பறைக்கும் இடையில்

ஊருக்கு ஒரு வரைபடம். என் வயிற்றுக்கு ஒன்று. பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை எந்த பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை திறந்திருக்கும், எந்தக் கல்யாண மண்டபத்துக் காவலாளி முகம் பார்த்து உள்ளே விடுவார், எல்லாம் அதில் உண்டு. மெட்ரோ தூண்களுக்கடியில் வண்டிகள் நகராமல் நிற்கும் இடங்களும் உண்டு. அங்கே வயிறு முறுக்கினால் எனக்கென்று ஒரு கதவும் கிடையாது.

மருத்துவர் எல்லாப் பரிசோதனையும் பார்த்துவிட்டார். புண் இல்லை, கட்டி இல்லை; எளிதில் பதறும் குடல், அவ்வளவுதான் என்றார். நான் பயந்தால் அது பயப்படும்; அது பயந்தால் நான். பாலும் காரமும் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பது தினமும் சாப்பிட்டதை எழுதி வைத்ததில் தெரிந்தது. பட்டினி மட்டும் கிடக்காதீர்கள், நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள் என்று அழுத்திச் சொல்லியிருந்தார். நான் பட்டினியைத்தான் பிடித்துக்கொண்டேன். வெளியே போகிற நாளில் வெறும் வயிறு. அது என் பூட்டு. மனைவிக்கு மட்டும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் பூட்டிக்கொண்டுதான் மனைவியோடு வெள்ளானூருக்குப் போனேன். மகள் தன் அலுவலகத்தில் பார்த்து விரும்பிய பையனின் வீடு. கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "அப்பா, எதையும் கெடுத்துறாதீங்க." எனக்கென்னவோ தைரியமாகவே இருந்தது. முதல் நாள் பேச்சோடு சரி. சம்பந்தம் முடிவாகும்வரை யாரும் யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை. வழக்கம் காப்பாற்றும்.

காப்பாற்றவில்லை. பையனின் அப்பா, நிலமெல்லாம் மனைகளான பிறகு டிராக்டர் வாடகைக்கு விடுகிறவர், அரை மணி நேரத்தில் சம்மதம் சொல்லிவிட்டார். உள்ளே இலை போட்டாயிற்று. வடை, காரக்குழம்பு, பால் பாயசம். வாசனை வந்த நொடியில் வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிந்தார்கள்.

பசியில்லை என்றேன். அதே நேரத்தில் மனைவி, இன்றைக்கு அவருக்கு விரதம் என்றாள். இரண்டு பொய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சம்மதம் சொன்ன வீட்டில் கை நனைக்க மறுத்தால் பெண் கொடுக்க மறுத்ததாகத்தான் அர்த்தம்.

"இன்னா சார், எங்க ஊட்டுல கை நனைக்கக் கூடாதா? பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்ட்டு கெளம்புங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

நினைத்துக்கொண்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. முன்னால் இலை, பின்னால் மகள். நடுவில் நான், என் குடல்.

"வயிறு சரியில்லைங்க," என்றேன். "இன்னைக்கு மட்டும் இல்ல, ஆறு வருஷமா. சாப்பிட்டா உடனே ஓடணும். அதான் எங்கயும் சாப்பிடறதில்ல."

என்னைப் பார்த்தார். பாயசத்தைப் பார்த்தார்.

"இத்த சொல்றதுக்கா இம்மா நேரம்? பாத்ரூம் பின்னாண்ட கீது, மொதல்ல போய்ட்டு வாங்க. தாப்பாள் டைட்டு, தூக்கி இழுங்க."

தூக்கி இழுத்துச் சாத்திக்கொண்டேன். வெளியே என் வயிறு வாய் வாயாகப் போய்க்கொண்டிருந்தது: பையனின் அம்மாவிடம், சித்தியிடம், மதில் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கு. ஓமம் என்றது ஒரு குரல், மாதுளந்தோல் என்றது இன்னொன்று. ஆறு வருட ரகசியத்தை ஒரு தகரக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டு முடித்தேன். தாழ்ப்பாளைத் திறக்கத்தான் மனமில்லை.

வந்தபோது பாயசம் இல்லை. சுடுசோறு, காரமில்லாத சீரக ரசம். எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். நனைத்தேன். நாலு வாய்.

திரும்புகையில் மகள் அழைத்தாள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

"சாப்பிட்டீங்களாப்பா?"

சாப்பிட்டேன் என்றேன். அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா, தெரியவில்லை. கார் மெட்ரோ தூணடியில் நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் லாரிகள். வயிறு மெல்ல முறுக்கத் தொடங்கியது.