கிணற்றோர வரிசை

விரல்கள் திராட்சை இலையை நரம்புப் பக்கம் மேலே வரும்படி விரித்தன. அரிசியும் கொத்துக்கறியும் கலந்த பூரணத்தை வைத்து, இருபுறமும் மடித்து, இறுக்காமல் உருட்டின. இறுக்கினால் அரிசி வெந்து உப்பும்போது இலை கிழிந்துவிடும். மேடையில் இரண்டு பானைகள், இரண்டு குவியல் இலைகள். ஒரு பானையை அடுக்கி முடித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அந்த விரல்கள் அடுத்த குவியலைத் தொட்டன.

ஹியாமைப்போல் இலை சுருட்ட லெபனானின் பெக்கா சமவெளியிலேயே ஆளில்லை என்று மாமியார் உம் நபீஹ் சொல்வாள். மருமகளைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதையும் விருந்து வைக்கும் வாரத்தில்தான் சொல்வாள்.

தோட்டம் குடும்பத்துடையது. கொடிகளுக்குப் பூச்சிமருந்து அடிப்பது ஹியாமின் கணவன் நபீஹ். முகத்தில் துணிகூடக் கட்டமாட்டான். உதட்டில் சிகரெட் இருக்கும். மருந்து காய்வதற்குள் இலையைப் பறித்துச் சந்தைக்கு ஏற்றிவிடுவார்கள். கிணற்றோரம் ஒரு வரிசைக்கு மட்டும் மருந்து கிடையாது. அது வீட்டுக்கு. அங்கே தோட்டக்காரர் எல்லோரிடமும் அப்படி ஒரு வரிசை உண்டு. மருந்து ஒன்றும் செய்யாது என்று வியாபாரியிடம் சத்தியம் செய்கிறவர்களும் அவர்களேதான்.

அந்த வரிசையைப் பங்கு போடுவது உம் நபீஹ். பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு முதலில் போகும். சின்ன மருமகள் சல்வா கர்ப்பமானால் கூடை கூடையாகப் போகும். ஹியாமுக்கு வருவது சந்தைக் கொடியின் இலை. "அவ வீட்ல குழந்தையா குட்டியா, நல்ல இலையைக் கொண்டுபோய்க் கொட்ட?" என்று மாமியார் சொன்னதை ஹியாம் தன் காதாலேயே கேட்டிருக்கிறாள். பிள்ளை பெற்றவளுக்கு நல்ல இலை, பிள்ளைக்காகத் தவிப்பவளுக்கு மருந்து இலை. அந்தக் குடும்பத்தின் அறிவு அந்த அளவுக்குத்தான் எட்டியது.

நபீஹை ஊரே 'அபூ ஃபாரிஸ்' என்று கூப்பிடும். ஃபாரிஸின் அப்பா என்று அர்த்தம்; உம் நபீஹ் என்றால் நபீஹின் அம்மா என்பதுபோல. பிறக்கப்போகும் மகனை வைத்துக் கல்யாணத்தன்றே கிடைத்த பெயர் அது. ஃபாரிஸ்தான் வரவில்லை. ஹியாமுக்கு முப்பத்தெட்டு வயது. இன்னும் ஒரே ஒரு கருத்தரிப்புச் சிகிச்சைக்குத்தான் கையில் காசும் உடம்பில் தெம்பும் மிச்சம்.

ஸஹ்லே நகரத்து டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. "இவருக்கு விந்தணு குறைவு. மருந்துதான் காரணம்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா உங்களால மாத்த முடியறது அது ஒண்ணுதான். சிகிச்சைக்கு முன்னாடி மூணு மாசமாவது ரெண்டு பேரும் மருந்தடிச்ச இலை, காய் சாப்பிடாதீங்க. அடிக்கும்போது முகமூடி, கையுறை போடுங்க."

"அந்தம்மா திராட்சைக் கொடியைக் கண்ணால பாத்திருக்குமா?" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான் நபீஹ்.

"வினிகர்ல ஊறவெச்சா எல்லாம் போயிரும்," என்றாள் அவன் அம்மா. அடுத்த நாளே சந்தை இலை ஒரு பை நிறைய வந்தது.

இப்போது நபீஹின் தங்கைக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதற்காகக் கிணற்றோர இலை குவியலாக ஹியாமின் சமையலறைக்கு வந்திருந்தது. முன்பின் பார்த்திராத விருந்தாளிகளின் வயிற்றின் மேல் இருந்த அக்கறை, மருமகளின் வயிற்றின் மேல் ஒருநாளும் இருந்ததில்லை.

பானையை வாங்கிப்போக மாமியாரும் நபீஹும் மதியம் வந்தார்கள்.

"ரெண்டு பானை எதுக்குடி?"

"ஒண்ணு கிணத்தோர இலை. இன்னொண்ணு எனக்கு நீங்க அனுப்பினது. வினிகர்ல ஊறவெச்சுட்டேன், நீங்க சொன்ன மாதிரியே. உப்பு பாருங்க அத்தை."

உம் நபீஹ் எந்தப் பானையையும் ருசி பார்க்காமல், குறை சொல்லாமல் வாங்கியதில்லை. கரண்டியை எடுத்தாள். இரண்டாவது பானைக்கு மேலே அது நின்றுவிட்டது.

"சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு இதையா வெப்பாங்க?"

"எனக்கு வெச்சீங்களே."

"அம்மா," என்றான் நபீஹ் மெதுவாக. "அப்ப நானும் இதைத்தான் தின்னுட்டு இருக்கேனா?"

தான் அடித்த மருந்தைத் தானே தின்கிறோம் என்பது அவனுக்கு இத்தனை வருஷம் கழித்து உறைத்தது. பெண்டாட்டி தின்றவரை அது வெறும் இலை.

"நீ அவ வீட்லதானே சாப்பிடுறே," என்றாள் அம்மா, அதில் என்ன தப்பு என்பதுபோல்.

"நாளையிலேருந்து அந்த வரிசையில பாதி எங்களுக்கு," என்றாள் ஹியாம். "நானே பறிச்சுக்கறேன். அபூ ஃபாரிஸ் முகமூடி போட்டுத்தான் தோட்டத்துல இறங்குவாரு. இல்லேன்னா சிகிச்சைக்கு அவரு தனியா போய்ப் படுத்துக்கட்டும்."

நபீஹ் சிரிக்கவில்லை. பக்கத்தில் மாமியார் வீட்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டாரின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"பறிச்சுத் தொலை. பானையைக் குடு."

"எந்தப் பானை அத்தை? உங்க வாயால சொல்லுங்க."

உம் நபீஹ் மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"கிணத்தோர இலை."

ஹியாம் முதல் பானையின் விளிம்பைத் துடைத்து, துணியால் மூடிக் கட்டி, இரண்டு கையாலும் கொடுத்தாள்.